காளை நன்றாகத்தான் ஏறுகிறது, மாடுகள் ஏன் சினை நிற்கவில்லை?

பால் பண்ணை நடத்தும் ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவரும் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார்கள். 30 கறவை மாடுகள், 8 கிடாரிகள், நான்கு வயதுள்ள ஒரு ஜெர்சிக் கலப்புப் பொலிகாளை. இரண்டு வருடமாக அந்தக் காளையால் ஒரு குறையும் இல்லை. ஏழு மாதத்துக்கு முன் தெரிந்தவர்கள் கேட்டார்கள் என்று இரண்டு பண்ணைகளுக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்த ஒரு மாதத்தில் பின்னங்காலில் புண்ணாகி, ஒரு வாரம் கடுமையான காய்ச்சல். விரையும் ஒரு பக்கம் வீங்கி வற்றியது. மருந்து கொடுத்து எல்லாம் குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் காளைக்குச் சேர்த்த 19 மாடுகளில் 5 மட்டுமே சினை. மற்றவற்றில் 4 மாடுகள் 20, 22 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்தன. 9 மாடுகள் 28 நாள் முதல் 55 நாள் வரை கழித்து வந்தன. ஒன்று மூன்றாம் மாதத்தில் கரு கலைத்தது. திரும்பி வந்த மாடுகளில் ஒன்றுக்குச் சீழ் வடிகிறது. இதே மாதங்களில் உறைவிந்து கொண்டு சினை ஊசி போட்ட 4 மாடுகளில் 3 சினை நின்றிருக்கின்றன.

கொழுந்தனார் சொல்வது: "காளை வேகமாகத்தானே ஏறுகிறது, குறை மாடுகளிடம்தான்." ஒருவர் ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார். இன்னொருவர் பருத்திக்கொட்டையும் தீவனமும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறார். கணவர் உடனே புதுக் காளை வாங்கிவிடலாம் என்கிறார். இந்தக் காளையை எங்காவது தள்ளி, விஷயம் தெரியாத இடத்தில் பொலிகாளையாகவே விற்றுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் ஓடுகிறது. "நான் எழுதி வைத்த நோட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் நோட்டைத்தான் முதலில் பார்த்தேன். எந்த மாடு, எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது, எப்போது காளைக்குச் சேர்த்தீர்கள், எத்தனை நாளில் திரும்பியது என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக நான் பண்ணைகளுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலான இடங்களில் "ஒரு நாலைந்து மாடு திரும்பிருச்சு டாக்டர்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. காளையைத் தொட்டுப் பார்க்காமலே உங்களுக்கு இவ்வளவு எழுத முடிகிறது என்றால், அது அந்த இரண்டு பக்கத்தால்தான். இதை வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

ஏறுவது வேறு, சினையாக்குவது வேறு

கொழுந்தனார் சொல்வதில் ஒரு பாதி சரி. காளைக்கு ஆசையும் வேகமும் இருக்கின்றன. ஆனால் அந்த வேகத்துக்கும் விந்தின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஏறும் ஆசையைத் தருவது விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோன். விந்தணு உருவாவதோ அதே விரைக்குள் உள்ள நுண்குழாய்களில். ஹார்மோன் சுரக்கும் செல்கள் சூட்டையும் காய்ச்சலையும் ஓரளவு தாங்கும். விந்தணு உண்டாக்கும் செல்கள் தாங்காது. அதனால் உயிருள்ள விந்தணு ஒன்றுகூட இல்லாத காளையும் பருவத்தில் நிற்கும் மாட்டைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். விந்து முதல் தரமாக இருக்கும், ஆனால் முட்டியிலோ குளம்பிலோ வலி இருப்பதால் காளை ஏற மறுக்கும்.

விந்து கெட்டியாக, வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை ஓரளவு இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அந்த விந்தணுக்கள் நேராக நீந்துகின்றனவா, தலையும் வாலும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது நுண்ணோக்கியில் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழு மலட்டுக் காளை அபூர்வம். அரைகுறையாக வேலை செய்யும் காளைதான் அதிகம். பரிசோதிக்காமல் வைத்திருக்கும் காளைகளை வரிசையாகப் பரிசோதித்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தேறாது என்பது கால்நடை மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. முழு மலடாக இருந்தால் இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிடும். அரைகுறைக் காளையோ நடுநடுவே ஒரு மாட்டைச் சினையாக்கி நம்மை நம்ப வைத்துக்கொண்டே இருக்கும். உங்களுடைய அந்த 5 சினை மாடுகள்தான் வீட்டாரை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கின்றன.

காய்ச்சல் போன பிறகும் இரண்டு மாதம்

காய்ச்சல் குணமாகி ஆறு மாதம் ஆகிவிட்டது, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் காளை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

விரை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உடல் சூட்டைவிட அது சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். விரைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியைச் சுற்றி, பந்தலில் படர்ந்த கொடி மாதிரி சிரைகள் பின்னிக் கிடக்கும். கீழிருந்து குளிர்ந்து ஏறும் இரத்தம், மேலிருந்து சூடாக இறங்கும் இரத்தத்தைத் தணித்து அனுப்பும். வெயிலில் விரைப்பை தளர்ந்து தாழத் தொங்குவதும், குளிரில் சுருங்கி மேலேறுவதும் இந்தச் சூட்டைச் சரியாக வைத்திருக்கத்தான். காய்ச்சல், கடும் வெயில், விரைப்பை வீக்கம், அதன் கழுத்தில் சேரும் கொழுப்பு என்று எது வந்தாலும் இந்த ஏற்பாடு குலைந்துவிடும்.

காளையில் ஒரு விந்தணு முழுதாக உருவாக 61 நாள் ஆகும். அதற்குப் பிறகு விரையோடு ஒட்டிய நீண்ட குழாயில் ஒன்றரை வாரம் போலத் தங்கி முதிர்ந்துதான் வெளியே வரும். ஆக, இன்று நீங்கள் பார்க்கும் விந்து இரண்டு மாதத்துக்கும் முன்னால் தொடங்கிய வேலை. காய்ச்சலின் பாதிப்பு இரண்டு வாரம் கழித்துத்தான் விந்தில் தெரியத் தொடங்கும். சேதம் தற்காலிகமானது என்றால், இரண்டரை மாதத்துக்குள் நல்ல விந்து திரும்பிவிட வேண்டும்.

உங்கள் காளைக்குக் காய்ச்சல் வந்து ஆறு மாதம் ஆகிறது. முதல் இரண்டு, மூன்று மாதத்தில் மாடுகள் திரும்பியதற்குக் காய்ச்சலைக் காரணம் சொல்லலாம். அதற்குப் பிறகும் திரும்பிக்கொண்டே இருப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் என் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று, அந்த வீக்கம் விரையை நிரந்தரமாகக் கெடுத்திருக்கலாம். வீங்கி வற்றிய பக்கம் இப்போது மற்றதைவிடச் சின்னதாகவோ, கல் போலவோ, மிகவும் தொளதொளப்பாகவோ இருக்கிறதா என்று மருத்துவர் கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, காரணம் காய்ச்சலே இல்லாமல் வேறு ஏதாவதாக இருக்கலாம். அந்த வேறு ஏதாவது என்ன என்பதை உங்கள் நோட்டுதான் காட்டுகிறது.

நோட்டு சொல்வது

மாடு 21 நாள் வாக்கில் திரும்பி வந்தால், கரு உண்டாகவே இல்லை, அல்லது உண்டான சில நாளிலேயே போய்விட்டது என்று கொள்ளலாம். கரு உண்டாகி வளர்ந்தால், 16, 17 நாள் வாக்கில் அது தாயின் உடலுக்கு "நான் இருக்கிறேன்" என்று ஒரு சமிக்ஞை கொடுக்கும். அது கிடைத்த பிறகு தாய் அடுத்த பருவத்தைத் தள்ளிப்போட்டுவிடும். அதற்கப்புறம் கரு இறந்தால்தான் 28, 35, 50 நாள் என்று ஒழுங்கில்லாமல் திரும்பும்.

உங்கள் கணக்கில் 21 நாள் வாக்கில் திரும்பியவை 4. தாமதமாகத் திரும்பியவை 9. அந்த ஒன்பதில் 3 மாடுகள் 41, 42, 43 நாளில் வந்திருக்கின்றன. நடுவில் ஒரு பருவம் கண்ணில் படாமல் போயிருந்தாலும் இந்தக் கணக்கு வரும். ஆகவே அந்த மூன்றை விட்டுவிடுவோம். மீதி 6 மாடுகளில் கரு உண்டாகி, பிறகு இறந்திருக்கிறது. அதாவது அந்த ஆறிலும் காளையின் விந்து வேலை செய்திருக்கிறது. இதோடு மூன்றாம் மாதக் கருச்சிதைவையும், சீழ் வடியும் மாட்டையும், வெளிப் பண்ணைகளுக்குக் காளை போய்வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இணை சேரும்போது பரவும் தொற்று ஒன்று மந்தைக்குள் வந்திருக்கிறது என்பதுதான் என் வலுவான சந்தேகம்.

இதில் முக்கியமானவை இரண்டு. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று. கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா மற்றொன்று. இரண்டுமே காளையின் ஆண்குறியை மூடியிருக்கும் உறைத்தோலின் மடிப்புகளில் குடியிருக்கும். வயது ஏற ஏற அந்த மடிப்புகள் ஆழமாகும். அதனால் மூன்று, நான்கு வயதுக்கு மேற்பட்ட காளை ஒரு முறை பிடித்த தொற்றைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சுமக்கும். காளைக்கு வலியோ காய்ச்சலோ சீழோ எதுவும் இராது. மினுமினுவென்று நிற்கும். "எங்கள் காளையிடம் ஒரு நோயும் தெரியவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்களில் அது ஆறுதல் தரும் செய்தி இல்லை, சகோதரி. மாட்டிடம்தான் எல்லாம் தெரியும்: கர்ப்பப்பை அழற்சி, கரு இறப்பு, ஒழுங்கற்ற நாளில் திரும்புதல், எப்போதாவது சீழ்.

ஊசி போட்ட 4 மாடுகளில் 3 சினை நின்றதும் இந்தப் பக்கம்தான் கையைக் காட்டுகிறது. எண்ணிக்கை சிறியது, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனாலும் தீவனம், தாதுஉப்பு, வெயில் என்று எல்லா மாட்டுக்கும் பொதுவான குறை இருந்திருந்தால் அந்த நான்கும் தடுமாறியிருக்கும்.

புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயையும் மறந்துவிடக் கூடாது. அதில் கரு பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் கலையும். உங்கள் மாட்டுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்ததால், அது என் பட்டியலில் முதலில் இல்லை. ஆனால் காளைக்கு அது விரை வீக்கத்தை உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும் என்ற இரண்டு காரணத்துக்காகக் கட்டாயம் சோதித்தே ஆக வேண்டும். கலைந்த கருவை வெறுங்கையால் எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இனி யாரும் செய்ய வேண்டாம். கையுறை போட்டு எடுங்கள். ஆய்வுக்கு மாதிரி எடுக்க மருத்துவரை அழையுங்கள், மிச்சத்தை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பாலைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டு வரும் காய்ச்சலோ, இரவில் வியர்வையோ, மூட்டு வலியோ இருந்தால், மாடு வளர்ப்பதையும் கரு கலைந்ததையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நோய் நினைவுக்கு வராமலே போகலாம்.

உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகள்

ஹார்மோன் ஊசி. தயவுசெய்து வேண்டாம். ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால், இரத்தத்தில் அளவு கூடிவிட்டது என்று மூளை எண்ணிக்கொள்ளும். விரைக்கு அனுப்பும் தூண்டுதலை உடனே குறைத்துவிடும். விந்தணு உருவாக விரைக்கு உள்ளே இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஹார்மோன் வேண்டும். மூளையின் தூண்டுதல் நின்றால் அது வற்றிவிடும். ஊசி போட்ட காளை இன்னும் வேகமாக ஏறலாம், அதன் விந்தோ இன்னும் மோசமாகும். உங்கள் காளைக்கு வேகத்தில் குறையே இல்லை எனும்போது இந்த ஊசி எதற்கு?

தீவனத்தைக் கூட்டுவது. காளை மெலிந்திருந்தால் சரி. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் அதன் விலா எலும்பே தெரியவில்லை, வால் அடியில் கொழுப்பு கட்டியிருக்கிறது. இன்னும் கொழுத்தால் விரைப்பையின் கழுத்திலும் கொழுப்பு சேரும். மேலே சொன்ன குளிரூட்டும் கொடி போர்வை போர்த்தியது போல் ஆகிவிடும். உடல் பாரத்தால் பின்னங்கால் மூட்டும் கெடும். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கறவை மாடு அளவோடு தின்றால் தாங்கும். பொலிகாளைக்கு நிறையக் கொடுத்தால் விந்தணுவின் வால் பகுதி கெடும். கறவை மாட்டுக்கு வைக்கும் அடர்தீவனத்தையே காளைக்கும் வைக்கும் பழக்கம் பல பண்ணைகளில் உண்டு. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சக்தியும் பால் கறக்கும் உடலுக்கான அளவு. காளைக்கு நல்ல பசுந்தீவனம், உலர்தீவனம், அளவான அடர்தீவனம், தாதுஉப்பு, நிழல், தண்ணீர் போதும். பசும்புல்லே இல்லாத நாட்களில் வைட்டமின் ஏ குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் விந்தணு உருவாவது பாதிக்கும்.

உடனே புதுக் காளை. மூன்றில் இதுதான் அதிக நஷ்டம் தரக்கூடியது, அதனால்தான் உங்கள் கணவரிடம் தனியாகப் பேசச் சொல்கிறேன். என் சந்தேகம் சரியாக இருந்தால், தொற்று இப்போது மாடுகளின் உள்ளேயும் இருக்கிறது. சுத்தமான காளையை இந்த மந்தையில் விட்டால், சில வாரத்தில் அதுவும் தொற்றைச் சுமக்கத் தொடங்கிவிடும். ஒரு பண்ணையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று காளைகளை மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது காளை வந்தபோது நல்ல காளைதான். அதைக் கெடுத்தது மந்தை. அதை அவர்களிடம் சொன்ன நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

இந்த வாரமே தொடங்க வேண்டியவை

முதல் வேலை, காளையைத் தனியாகக் கட்டுவது. ஒரு மாட்டுக்குக்கூடச் சேர்க்க வேண்டாம், உங்கள் மாட்டுக்கும் சரி, அயலார் மாட்டுக்கும் சரி. இந்த ஓய்வு சோதனைக்கும் உதவும். ஒன்றிரண்டு வாரம் இணை சேராமல் இருந்த காளையின் உறைத்தோலில் கிருமி கூடுதலாகச் சேர்ந்திருக்கும், மாதிரியில் எளிதாகச் சிக்கும்.

பிறகு கால்நடை மருத்துவரை அழைத்து, "விந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், இனப்பெருக்கத் தகுதிப் பரிசோதனை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். கால், குளம்பு, கண், பல், உடல் நிலை என்று எல்லாம் பார்ப்பார். விரைப்பையின் பெருத்த பகுதியில் நாடா வைத்துச் சுற்றளவு எடுப்பார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட காளைக்கு 34 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆசனவாய் வழியாகக் கைவிட்டு உள்சுரப்பிகளில் அழற்சி உண்டா என்று தடவிப் பார்ப்பார். ஆண்குறியை வெளியே எடுத்துக் காயம், மரு, வளைவு எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார். விந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது குறைந்தது 30 விழுக்காடு நேராக முன்னோக்கி நீந்த வேண்டும், குறைந்தது 70 விழுக்காடு வடிவம் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு முறை தேறாவிட்டால் அதையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். 60 நாள் விட்டு, புதிதாக உருவான விந்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனையில் ஆசை அளக்கப்படுவதில்லை. உங்கள் காளையின் விஷயத்தில் அது கேள்வியும் இல்லை.

தொற்றுக்கு உறைத்தோலைக் கழுவியோ சுரண்டியோ மாதிரி எடுப்பார்கள். டிரைக்கோமோனாஸை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஒரு முறை "இல்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை "இல்லை" என்று வந்தால்தான் நம்பலாம். கிருமியின் மரபணுவையே கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை கிடைத்தால் இன்னும் நல்லது. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டாம், குளிரில் அந்த ஒட்டுண்ணி செத்துவிடும். இரத்தத்தில் புருசெல்லோசிஸும் பாருங்கள். சீழ் வடியும் மாட்டிடமும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், அதில் கிருமி கிடைத்தால் காளையின் கணக்கும் தெளிவாகிவிடும்.

அடுத்தது, எல்லா மாடுகளுக்கும் சினைப் பரிசோதனை. சினை என்று நினைக்கும் அந்த 5 மாடுகளையும் மறுபடி பாருங்கள். சினையில்லாத மாடுகளுக்குக் குறைந்தது மூன்று மாதம் காளை வேண்டாம். பெரும்பாலான மாடுகள் மூன்று முதல் ஐந்து மாதத்தில் டிரைக்கோமோனாஸைத் தாமே விரட்டிவிடும். ஓய்வு கிடைக்கும் ஒவ்வொரு பருவ சுழற்சியும் கர்ப்பப்பையைச் சுத்தமாக்கும். சீழ் உள்ள மாட்டுக்கு மட்டும் சிகிச்சை வேண்டும். அப்புறம் ஊசிதான், நம்பகமான இடத்தில் பரிசோதித்த காளைகளின் உறைவிந்து. ஊசி போடுபவர் ஒவ்வொரு மாட்டுக்கும் சினை ஊசிக் குழலின் மேல் புது உறை மாற்றுகிறாரா என்று நின்று பாருங்கள். தொற்றுள்ள மந்தையில் இது மிக முக்கியம்.

காளையா, ஊசியா?

நிரந்தரமாகவே ஊசிக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பண்ணைக்கு அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் ஊசியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் பருவத்தைக் கண்டுபிடித்தது காளை. இனி அதை நீங்கள் செய்ய வேண்டும். மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கும் நேரம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான், சில மாடுகளுக்கு இன்னும் குறைவு. பல மாடுகளுக்கு அது இரவில் தொடங்கும். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை அரை மணி நேரம் சும்மா நின்று பார்க்க ஆள் வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இத்தனை மாதமாக நோட்டு எழுதிய கைக்கு இது கஷ்டமாக இராது. அந்த வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாக வீட்டில் சொல்லுங்கள்.

பிறகு எப்போதாவது காளை வாங்குவதானால், இதுவரை எந்த மாட்டுக்கும் சேர்க்காத இளங்காளையாகப் பாருங்கள். பரிசோதனைச் சான்று கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள். 30 நாள் தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு மந்தையில் விடுங்கள். அதை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். இப்போதிருக்கும் காளைக்குப் பிறந்த மூன்று கிடாரிகள் பருவத்துக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். காளை நலமே என்று சோதனையில் வந்தாலும் அந்த மூன்றுக்கும் அதைச் சேர்க்கவே கூடாது. தந்தையோடு சேர்த்தால் மறைந்து கிடக்கும் பரம்பரைக் குறைகள் ஒன்றுகூடும், கருவும் இறக்கும், கன்றும் நோஞ்சானாகும்.

கடிதத்தின் நடுவில் ஒரே வரியில், உங்கள் பத்து வயது மகன் காளையைத் தண்ணீருக்கு அவிழ்த்துப் போவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இன்றோடு அதை நிறுத்துங்கள். பால் இனக் காளைகள், அதிலும் ஜெர்சிக் காளைகள், பார்க்கச் சாது போலிருந்து ஒரு நொடியில் திரும்பக்கூடியவை. கன்றிலிருந்து கையில் வளர்ந்த காளை இன்னும் ஆபத்து, அதற்கு மனிதனிடம் பயமில்லை. மனிதனைத் தனக்குப் போட்டியாகவே பார்க்கும். தனியாகக் கட்டி வைத்திருக்கும் இந்தக் காலத்தில் அதன் எரிச்சல் கூடும். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, மூக்குவளையத்தில் கயிறும் கழுத்தில் கயிறுமாகத்தான் நடத்த வேண்டும்.

விற்பது பற்றியும், இரவல் வாங்கியவர்கள் பற்றியும்

சோதனையில் தொற்று எதுவும் இல்லை, விரை மட்டும் கெட்டிருக்கிறது என்று வந்தால், 60 நாள் கழித்து மறுபரிசோதனை வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் தேறாவிட்டால் அதன் இனப்பெருக்க வாழ்க்கை முடிந்தது. கேம்பிலோபாக்டர் என்று வந்தால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் தடுப்பூசியும் முயன்று பார்க்கலாம். டிரைக்கோமோனாஸ் என்று வந்தால் காளைக்கு நம்பிக்கையான மருந்து இல்லை, மந்தையிலிருந்து நீக்குவதுதான் வழி. புருசெல்லோசிஸுக்கும் மாட்டில் சிகிச்சை செய்வதில்லை. அதை அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்படி நடக்க வேண்டும்.

எந்த முடிவு வந்தாலும், "விஷயம் தெரியாத இடத்தில் பொலிகாளையாக விற்றுவிடலாம்" என்ற பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். இன்னொரு வீட்டில் உங்களைப் போல ஒருத்தி நோட்டு எழுதிக்கொண்டு, மாடு ஏன் திரும்புகிறது என்று தவித்துக்கொண்டிருப்பாள். குறை தெரிந்தே மறைத்து விற்றது பின்னால் தெரியவந்தால், வாங்கியவர் நஷ்டம் கேட்கவும் இடமுண்டு. நான் சட்டம் படித்தவன் இல்லை, அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் காளையை வாங்கிப் போனவர்களில் ஒருவர், உங்களால்தான் தன் மாடுகள் கெட்டன என்று சண்டைக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தொற்று உங்களிடமிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்பதை இன்றைய சோதனையால் சொல்ல முடியாது. ஆனால் நோட்டில் ஒன்று இருக்கிறது. காளை வெளியே போவதற்கு முன் உங்கள் மாடுகள் ஒழுங்காகச் சினை நின்றிருக்கின்றன, வந்த பிறகுதான் குலைந்திருக்கிறது. இதைச் சண்டைக்குச் சாட்சியாக எடுத்துப் போகாதீர்கள். இரண்டு பண்ணைக்காரர்களிடமும் சோதனை முடிவைக் காட்டி, அவர்களையும் தங்கள் காளைகளையும் மாடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பண்ணையும் ஒரே சமயத்தில் சுத்தமாகாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மறுபடி வரும்.

சோதனை முடிவுகள் வந்ததும் நோட்டின் அடுத்த பக்கங்களோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அந்த 41, 42, 43 நாள் மாடுகள் மூன்றும் அடுத்த முறை எத்தனை நாளில் பருவத்துக்கு வருகின்றன என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.